ஏரை முன்னாடி கட்டிய கதை

வீடியோ பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏம்ப்பா, ஏரை எங்காச்சும் முன்னாடி கட்டுவாங்களா?"

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் நாற்பது வருடம் டிராக்டர் ஓட்டியவர். அவர் கணக்கில் டிராக்டர் என்றால் இழுக்கிற வண்டி. கலப்பை, கல்டிவேட்டர், ரோட்டவேட்டர், டிரெய்லர் எதுவானாலும் பின்னால்தான். நானோ இங்கே ஏழரை அடி அகல இரும்புத் தகட்டை வண்டியின் மூக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். "இது ஏர் இல்லீங்கப்பா, பரம்பு மாதிரி, பனியைத் தள்ளிவிடறதுக்கு" என்றேன். "பரம்பும் பின்னாடிதான் கட்டுவோம்" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அப்புறம் இரண்டு குளிர்காலம் இந்த பிளேடோடு மல்லுக்கட்டியபோதுதான் அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் புரிந்தது. டிராக்டர் இழுக்கச் செய்த வண்டி, அதன் முன்னால் இருக்கும் லோடர் தூக்கச் செய்த கை. தள்ளுவது இரண்டுக்குமே பிறவித் தொழில் கிடையாது. தூக்கும்போது பாரம் மேலிருந்து கீழே நேராக இறங்கும், இரண்டு கையும் சமமாகத் தாங்கும். தள்ளும்போது பிளேடின் ஒரு ஓரம் கல்லில் இடித்தால் மொத்த வண்டியின் வேகமும் ஒரே கையில் முறுக்கலாகப் போய்ச் சேரும். அதனால் இந்த வேலையில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அடி விழுந்தால் எது முதலில் விட்டுக்கொடுக்கும்? அதை நாம் முன்கூட்டியே முடிவு பண்ணி வைக்கவில்லை என்றால் லோடர் கை வளைந்து கொடுக்கும், அதை நிமிர்த்தி வாங்குவதற்குள் நம் முதுகு வளைந்துவிடும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஒன்ராறியோ மாகாணம், ஹூரான் ஏரியின் ஒரு பகுதியான ஜார்ஜியன் விரிகுடாவுக்குத் தெற்கே கிரே கவுண்டி. டொரோண்டோவில் இருக்கும் நண்பர்கள் "எங்களுக்கும்தான் ஸ்நோ கொட்டுது" என்பார்கள். அது வேறு, இது வேறு. இங்கே ஏரி உறையாத வரைக்கும் வடமேற்குக் குளிர்காற்று அந்தத் தண்ணீர் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறி, பட்டை பட்டையாகப் பனியாகக் கொட்டும். நம் வீட்டில் முழங்கால் அளவு கிடக்கும்போது பத்து கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். 2024 நவம்பர் கடைசியில் இதே மாதிரி ஒரு பட்டை கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் நகராமல் உட்கார்ந்துகொண்டு நெடுஞ்சாலை 11ஐயே மூட வைத்தது.

என் டிரைவ்வே 120 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், தார் கிடையாது, ஜல்லி. ஒரு ராத்திரியில் 20 சென்டிமீட்டர் விழுந்தால் 84 கன மீட்டர் பனி. புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால்கூட எட்டு டன்னுக்கு மேல் வருகிறது. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நிமிரும்போது நகராட்சி வண்டி ரோட்டில் போய், வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவுக்கு ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போகும். அது பனி மாதிரியே இருக்காது, ஈரமும் உப்பும் ஐஸ் கட்டியும் கலந்து காய்ந்த சிமெண்ட் மாதிரி இருக்கும்.

முதல் குளிர்காலத்தை லோடரின் பக்கெட்டை வைத்தே ஓட்டினேன். அள்ளு, தூக்கு, பின்னால் வா, திரும்பு, கொட்டு, மறுபடி வா. இரண்டரை மணி நேரம். பனியோடு ஜல்லியையும் அள்ளிப் புல்வெளியில் கொட்டியிருக்கிறேன் என்பது ஏப்ரலில் பனி உருகிய பிறகுதான் தெரிந்தது. அந்த ஜல்லியை மண்வாரி வைத்து வாரி எடுக்கவே ஒரு வாரம் ஆனது.

ஸ்நோ புளோயர் வாங்கலாமா என்று யோசித்தேன். இந்த ஊர்ப் பக்கத்துக் கண்டுபிடிப்புதான் அது. ஆர்தர் சிகார்ட் என்று கியூபெக்கில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், கதிரடிக்கும் மெஷினைப் பார்த்து யோசனை வந்து, 1925ல் பனியைத் தூக்கி எறியும் வண்டியைச் செய்தார். 1927ல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊத்ரமோன் ஊருக்கு முதல் வண்டி போனது. அருமையான சாமான், ஆனால் ஜல்லித் தரையில் அது பனியோடு கல்லையும் சேர்த்து எறியும், எங்கள் கார் நிற்கும் இடமோ சரியாக எறிகிற பக்கம். தவிர எனக்கு இரண்டு பக்கமும் தள்ளிவிட இடம் தாராளமாகக் கிடக்கிறது. சரி, பிளேடு என்று முடிவானது.

டிராக்டர் லோடருக்கென்றே செய்த பிளேடு புதிதாகக் கிடைக்கிறது, விலையைக் கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். கடைசியில் பழைய பிக்அப் லாரியிலிருந்து கழற்றிய ஏழரை அடி பிளேடு ஒன்று 600 டாலருக்கு அமைந்தது. துரு இருந்தது, ஆனால் தகடு நெளியவில்லை, முக்கியமாக ஸ்பிரிங் நான்கும் உயிரோடு இருந்தன. பலபேர் இந்த ஸ்பிரிங்கைக் கவனிக்காமல், வெறும் தகட்டை பக்கெட்டில் செயின் போட்டுக் கட்டி ஓட்டுகிறார்கள். என் கருத்தில் பிளேடின் உயிரே அந்த ஸ்பிரிங்தான். உறைந்த மண்ணில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லில் பிளேடின் அடி ஓரம் மோதியதும், தகடு முழுக்கத் தலைகுனிகிற மாதிரி முன்னால் சாயும், அடி ஓரம் பின்னால் போய்க் கல்லைத் தாண்டும், தாண்டியதும் ஸ்பிரிங் இழுத்து "டக்" என்று பழைய இடத்தில் நிறுத்திவிடும். விட்டுக்கொடுக்கிற முதல் ஆள் இவர்.

இப்போது அதை லோடரில் மாட்ட வேண்டும். என்னுடையது 33 குதிரைத்திறன் குபோட்டா, லோடரில் ஸ்கிட் ஸ்டியர் குயிக் அட்டாச் என்கிற பொதுவான மாட்டுமுறை இருக்கிறது: மேல் விளிம்பைக் கொக்கி மாதிரி மாட்டி, இரண்டு லிவரைத் திருப்பினால் கீழே இரண்டு இரும்பு முளை (பின்) இறங்கிப் பூட்டிக்கொள்ளும். அதற்கேற்ற வெற்றுத் தகடு வெல்டிங் பண்ணுவதற்கென்றே கடையில் கிடைக்கிறது. பிளேடின் பின்னால் இருக்கும் முக்கோணச் சட்டத்தை அந்தத் தகட்டில் இணைக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். வெல்டிங்கைப் பக்கத்துப் பண்ணைக்காரர் செய்துகொடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. நான் சட்டத்தை நேரடியாகத் தகட்டில் வைத்து ஒட்டச் சொன்னேன். அவர் வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, தரை எப்போதும் மட்டமாகவா இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அப்புறம் தகட்டில் இரண்டு காது வைத்து, அதில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக மேலும் கீழுமாக இரண்டு விரல் அளவுக்கு நீள ஓட்டை போட்டு, பெரிய பின்னைச் செருகினார். அந்த ஆட்டம் இருப்பதால் டிரைவ்வே ஒரு பக்கம் சரிந்திருந்தால் பிளேடும் அந்தப் பக்கம் சரிந்து கொடுக்கிறது. விட்டுக்கொடுக்கிற இரண்டாவது ஆள்.

மாட்டியாயிற்று, ஓட்டலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். நேராக வைத்துத் தள்ளினால் அழகாகப் போகிறது, வலப்பக்கம் திருப்பினால் ஒரு மூலை மண்ணைத் தோண்டுகிறது, இன்னொரு மூலை நான்கு விரல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் ரொம்ப எளிது. பிளேடு இடவலமாகத் திரும்புகிற நடு பின் செங்குத்தாக நிற்க வேண்டும். லோடரில் பக்கெட்டைச் சாய்க்கிற அதே அசைவு இப்போது அந்தப் பின்னையும் சாய்த்துவிடுகிறது. லாரியில் இந்தப் பிரச்சினையே கிடையாது, அங்கே சட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் தரைக்கு இணையாக இருக்கும். கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை சாய்த்து, அந்த நிலையில் லோடர் கையிலும் சிலிண்டர் தண்டு பக்கத்திலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். சீட்டிலிருந்து பார்த்தால் இரண்டு கோடும் நேராக நிற்க வேண்டும். பத்துப் பைசா செலவில்லாத இந்தக் கோடுதான் மொத்த ஏற்பாட்டிலும் எனக்கு அதிகம் உழைத்தது.

அடுத்தது ஹைட்ராலிக். இங்கேதான் நான் முட்டாள்தனம் பண்ணியது.

பிளேடை இடமும் வலமும் திருப்ப இரண்டு சிலிண்டர் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தள்ள மட்டும்தான் செய்யும். ஒன்று நீண்டால் மற்றது மடங்கும். லோடரில் ஏற்கெனவே தூக்க ஒன்று, சாய்க்க ஒன்று என இரண்டு எண்ணெய்ப் பாதைதான் உண்டு. மூன்றாவதுக்கு இரண்டு வழி. தர்ட் ஃபங்ஷன் வால்வு என்று தனிப் பாதையே போட்டுக்கொள்ளலாம், செலவு அதிகம். அல்லது டைவர்ட்டர் வால்வு: ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் பட்டனை அமுக்கிப் பிடித்தால் சாய்க்கிற எண்ணெய் பிளேடைத் திருப்பப் போகும், விட்டால் பழையபடி சாய்க்கும். 300 டாலருக்குள் முடியும் என்பதால் நான் டைவர்ட்டர் போட்டேன். வேலை செய்கிறது, ஆனால் தூக்கக் கலக்கத்தில் பட்டனை அமுக்க மறந்தால் பிளேடு திரும்புவதற்குப் பதிலாகச் சாய்ந்துவிடும், வெள்ளைக் கோடு கலைந்துவிடும், மறுபடி சரி பண்ண வேண்டும். இன்னொரு தடவை செய்வதாக இருந்தால் காசைப் பார்க்காமல் தனிப் பாதையே போடுவேன்.

முட்டாள்தனம் அதில்லை. பிளேடோடு வந்த பழைய லாரி ஹோஸையே மாட்டினேன், நடுவில் குஷன் வால்வு வைக்கவில்லை. அது எதற்கு என்றே எனக்கு அப்போது தெரியாது. ஜனவரியில் ஒரு நாள் காலை, மைனஸ் 18 டிகிரி, பிளேடை வலப்பக்கம் முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாகவே வந்தேன், வாசல் வரப்பில் இடது மூலை போய்ச் செருகியது. மூலையில் அடி விழும்போது ஸ்பிரிங் உதவாது, பிளேடு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும், திரும்ப வேண்டுமென்றால் சிலிண்டரில் இருக்கும் எண்ணெய் எங்காவது போக வேண்டும். வால்வு மூடியிருக்கிறது. எண்ணெய் போக வழியில்லை. அழுத்தம் எகிறி, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், வெள்ளைப் பனி மேல் கார் ஒன்று நிற்கிற அகலத்துக்கு எண்ணெய்க் கோலம்.

ஹோஸ் வெடித்ததே அதிர்ஷ்டம், சிலிண்டர் தண்டு வளைந்திருக்கலாம், லோடர் கையே முறுக்கியிருக்கலாம். குஷன் வால்வு என்பது உள்ளங்கை அளவு இரும்புக் கட்டி. இரண்டு பாதைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பக்கம் அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எண்ணெயை மறுபக்கத்துக்குத் திறந்துவிடும். பிளேடு அடி வாங்கிய பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும், சேதம் இல்லை. மூன்றாவது ஆள். இவரை மட்டும் கூப்பிடாமல் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் வைத்திருந்தேன்.

ஹோஸ் சம்பந்தமாக இன்னொன்று. எண்ணெய் கசிகிறதா என்று கையை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி முனை ஓட்டை வழியாக வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும், வலிகூட உடனே தெரியாது, ஆனால் அது நேராக அறுவை சிகிச்சைக்குப் போகிற கேஸ். ஒரு அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், போதும்.

ஜல்லித் தரை வைத்திருப்பவர்களுக்கு: பிளேடின் அடியில் காளான் மாதிரி இரண்டு ஷூ தொங்கும், அதன் தண்டில் வாஷரைக் கூட்டிக் குறைத்து உயரத்தை வைக்கலாம். நான் ஒரு அங்குலம் தூக்கி வைத்திருக்கிறேன். அப்படியும் டிசம்பர் முதல் வாரத்தில், தரை உறைவதற்கு முன்னால் விழும் ஈரப்பனியில், ஷூவே மண்ணில் புதைந்துவிடும். அதற்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் காட்டிய வித்தை, இரண்டு அங்குல இரும்புக் குழாயை நீளவாக்கில் கிழித்து பிளேடின் அடி ஓரத்தில் உறை மாதிரி மாட்டி, மூன்று இடத்தில் போல்ட் போடுவது. கூர்மையான ஓரம் உருண்டையாகிவிடும், ஜல்லி மேல் வழுக்கிக்கொண்டு போகும். தரை இறுகியதும் கழற்றிவிடலாம். போன ஏப்ரலில் புல்வெளியில் வாரியது அரை வண்டி ஜல்லிகூட இல்லை.

ஓட்டும்போது லோடரை ஃபுளோட்டில் போட வேண்டும், அதாவது லிவரை முன்னால் கடைசிவரை தள்ளினால் அது அங்கேயே நின்றுகொள்ளும், பிளேடு தன் எடையிலேயே தரையோடு ஏறி இறங்கும். நன்றாகச் சுரண்ட வேண்டும் என்று கீழே அழுத்தினால் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பி, ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். இந்தப் பாடத்தை எங்கள் தபால் பெட்டியின் கம்பம் எனக்காகக் கற்றுக்கொண்டது.

அகலக் கணக்கு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழரை அடி என்றால் 90 அங்குலம், 30 டிகிரி திருப்பினால் வழிவிடும் அகலம் 78 அங்குலம்தான். பின் சக்கரம் இரண்டும் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு, டயரில் சுற்றிய செயினோடு சேர்த்து, அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிய பனி மேலேயே ஏறிக்கொண்டு போவீர்கள். செயின் கட்டாயம் வேண்டும். என் வண்டியில் இருக்கும் ஆர்4 என்கிற வகை டயர் கெட்டித் தரைக்கு நல்லது, ஐஸ் மேல் சோப்புக்கட்டி.

பின்பக்க எடைக்கு, ஒரு 200 லிட்டர் பேரலில் மூன்றில் இரண்டு பங்கு கான்கிரீட் ஊற்றி, குறுக்கே கம்பி விட்டு, டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டுகிற த்ரீ பாயிண்ட்டில் மாட்டியிருக்கிறேன், கணக்குப்படி 320 கிலோ. டயருக்குள்ளும் திரவம் நிரப்பலாம். ஊரில் தண்ணீர் நிரப்புவோம், இங்கே அது உறைந்துவிடும் என்பதால் பீட்ரூட் சாற்றில் செய்த ஒரு திரவத்தை அடிக்கிறார்கள். ஆமாம், பீட்ரூட். சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டின் கழிவு அது.

மற்றபடி சில்லறை விஷயங்கள். டிரைவ்வே ஓரத்தில் அடையாளக் கம்பிகளை நவம்பருக்குள் அடித்துவிடுங்கள், மண் உறைந்த பிறகு சம்மட்டி வளையும், கம்பி இறங்காது. முதல் பனியையே தேவைக்கு மேல் நாலடி தள்ளி ஒதுக்குங்கள், ஓரத்தில் குவிப்பது உறைந்து சுவராகி, பிப்ரவரியில் கார் நுழையவே இடம் இருக்காது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிவிடக் கை துறுதுறுக்கும், செய்யாதீர்கள்: ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு அனுமதியில்லாமல் ரோட்டில் பனி போடக்கூடாது என்கிறது. என்ஜின் ஹீட்டரை இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கரண்டில் சொருகிவிடுங்கள், ஸ்டார்ட் ஆனதும் ஹைட்ராலிக் எண்ணெய் சூடாகக் கால் மணி நேரம் கொடுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் காபி சரியாக இருக்கும்.

போன மாதம் ஒரு ராத்திரியில் 25 சென்டிமீட்டர். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறேகாலுக்கு முடித்துவிட்டேன், வாசல் வரப்பு உட்பட. பாதியில் சிறுபாலத்துப் பக்கத்துக் கல்லில் பிளேடு மோதி, தலைகுனிந்து, "டக்" என்று நிமிர்ந்துகொண்டது, நான் கியரைக்கூட மாற்றவில்லை. அந்த இடத்தைப் பையன் வீடியோ எடுத்திருந்தான், அப்பாவுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் கூப்பிட்டார். ஏரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பின்னாடி எத்தன வெயிட்டு வச்சிருக்கே?" என்றார்.

"முன்னூத்தி இருபது கிலோ இருக்குங்கப்பா."

"பத்தாது."